நகைப்பும் நம் பண்டிகைப் பாடல்களும்

சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் நிகழ்ந்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சிறுவர் நாடகத்தில் இரண்டு நையாண்டிப் பாடல்கள் இடம்பெற்றன. ஒன்று, 'ஜிங்கிள் பெல்ஸ்' என்னும் கிறிஸ்துமஸ் காலப் பாட்டின் மெட்டில், பொங்கல் பானை அடிபிடித்துப்போன கதையைச் சொன்னது. மற்றொன்று, திருப்பாவையின் நடையில், மார்கழிக் குளிரில் போர்வையை விட மறுக்கும் அண்ணனைத் தங்கை எழுப்புவதாக அமைந்திருந்தது. முன்னதற்கு அரங்கம் அதிரச் சிரித்தது. பின்னதற்குச் சிரித்தவர்கள் முன்வரிசை முதியவர்கள் நாலைந்து பேர் மட்டுமே. வேறு சில பெரியவர்கள் முகம் சுளித்தனர். அடுத்த வாரமே செயற்குழு கூடி, பண்டிகைப் பாடல்களைக் கேலி செய்யும் நிகழ்ச்சிகளுக்கு இனி மேடையில் இடமில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது.

அத்தீர்மானம் தவறு என்பதே என் வாதம். சங்கத்தின் மலரிலேயே சங்கத்தின் முடிவை மறுத்தெழுதுவதைச் செயற்குழு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். கோப்புகளில் குறிப்பெழுதியே இருபது ஆண்டுகளைக் கழித்தவன் நான். உடன்பாடில்லாத இடத்தில் அதையும் எழுதிவைப்பது கடமை என்று பழகியவன்.

தடை கோருவோர் கூறும் காரணம் ஒன்றே: கேலி புகுந்தால் பக்தி கெடும் என்பது. அவ்வாறு கூறுவோர் திருப்பாவையை ஒருமுறை மீண்டும் படிக்க வேண்டுகிறேன். முப்பது பாசுரங்களுள் ஆறு முதல் பதினைந்து வரையிலானவை உறங்கும் தோழியரை எழுப்புபவை. அவற்றில் எத்துணைக் கேலி! உன் மகளுக்குப் பேச வராதா, காது கேளாதா என்று ஒருத்தியின் தாயிடமே கேட்கின்றனர். உறக்கப் போட்டியில் கும்பகருணன் தோற்றுத் தன் பெருந்துயிலை உனக்குத் தந்துவிட்டானோ என்று மற்றொருத்தியை வினவுகின்றனர். ஆண்டாள் நகைத்தால் பக்தி. நம் குழந்தைகள் நகைத்தால் பழிப்பு! இது என்ன நியாயம்?

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நான்கு இடங்களுள் முதலாவது எள்ளல். தெய்வங்களையே ஏசுவதுபோல் ஏத்திப் பாடிய காளமேகத்தைத் தமிழுலகம் தள்ளிவைக்கவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைப் பின்பற்றிக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இடம்பெற்றது. ஏழைப் பிள்ளைக்குக் கல்வி வேண்டும் என்று அது வாதாடிற்று. அதனால் நந்தனாரின் புகழ் ஓர் இம்மியும் குறையவில்லை.

கேலியால் பண்டிகை அழியும் என்றால் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் என்றோ மறைந்திருக்க வேண்டும். டொனால்ட் கார்ட்னர் என்னும் பள்ளி ஆசிரியர், தம் வகுப்புப் பிள்ளைகள் முன்பற்கள் விழுந்த வாயால் மழலை பேசியது கண்டு, கிறிஸ்துமஸ் பரிசாக இரண்டு முன்பற்களை வேண்டும் பாட்டொன்றை 1944-இல் எழுதினார். ஸ்பைக் ஜோன்ஸ் குழுவினரின் இசைத்தட்டால் 1948-இல் அது நாடெங்கும் பரவியது. டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வைஸ்மன் நாய்களின் குரைப்பை ஒலிநாடாவில் பதிந்து, வெட்டி ஒட்டி, 'ஜிங்கிள் பெல்ஸ்' மெட்டுக்கு இசைவித்தார். அது 1955-இல் இசைத்தட்டாக வந்தது. 1958-இல் ராஸ் பக்தசாரியன் தம் குரலை மெதுவான ஓட்டத்தில் பதிந்து, விரைவாக ஓடவிட்டு, மூன்று அணிற்பிள்ளைகள் பாடுவதாக ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைச் செய்தார். மறு ஆண்டு நடந்த முதல் கிராமி விழாவில் அதற்கு மூன்று விருதுகள் கிடைத்தன. இத்தனைக்குப் பின்னும் தேவாலயங்களில் பழைய கீதங்கள் முழங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

சில வேளைகளில் நையாண்டியே பண்டிகைக்குக் காவலாகவும் நிற்கிறது. அதே 1958-இல் ஸ்டான் ஃபிரீபர்க் வெளியிட்ட 'கிரீன் கிறிஸ்துமஸ்' என்னும் இசைத்தட்டு, திருநாளை விற்பனைச் சரக்காக்கிய விளம்பரக்காரர்களைச் சாடியது. விளம்பர வருவாயில் வாழ்ந்த வானொலி நிலையங்கள் பல அதை ஒலிபரப்பத் தயங்கின. யார் அஞ்சினர் என்று பாருங்கள்: பக்தர்கள் அல்லர், வணிகர்கள்.

எல்லாக் கேலியும் நல்லதென்று நான் சொல்லவில்லை. 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857-இல் பாஸ்டன் நகர அரங்கொன்றில் முதன்முதல் மேடையேறியபோது, வெள்ளையர் முகத்தில் கரிபூசிக்கொண்டு கறுப்பு மக்களைப் பரிகசிக்கும் கேளிக்கையில்தான் பாடப்பட்டது. அத்தகைய சிரிப்பு இழிவானது. நம் உச்சரிப்பைக் கேட்டுப் பிறர் நகைத்ததை இந்நகரில் அனுபவித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எளியவரை இழிவுசெய்யும் பாடலைச் செயற்குழு தாராளமாக விலக்கட்டும். தூங்குமூஞ்சி அண்ணன் ஒருவனைக் கேலி செய்ததால் யார் இழிவடைந்தார்?

இப்போது உண்மைக் குறைக்கு வருகிறேன். அன்று தங்கையாக நடித்துப் பாடியவள் என் மகள். வீடு திரும்பும் வழியில், "நாங்க பாடினது நல்லாயில்லையாப்பா? யாருமே சிரிக்கலையே?" என்று கேட்டாள். உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. பாட்டு நன்றாகவே இருந்தது. ஆனால் நையாண்டிக்குச் சிரிக்க வேண்டுமானால் மூலம் தெரிந்திருக்க வேண்டும். 'ஜிங்கிள் பெல்ஸ்' எல்லாருக்கும் தெரியும். பள்ளியில் பாடுகின்றனர், டிசம்பரில் பார்க் தெருவெங்கும் கேட்கின்றனர். திருப்பாவை அரங்கில் எத்தனை இளையோருக்குத் தெரிந்திருந்தது? அவ்வளவு ஏன், என் மகளுக்கே தெரியாது. அவள் பாட்டி எழுதித் தந்த கேலி வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தாள். மூலத்தைக் கேளாமலே நகலைப் பாடினாள். இது அவள் பிழையன்று, என் பிழை. என்னைப் போன்ற பெற்றோர் அனைவரின் பிழை.

ஆகவே அன்று முகம் சுளித்த பெரியவர்களைவிட, சிரிக்காமல் அமர்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றியே செயற்குழு கவலைப்பட்டிருக்க வேண்டும். அம்மௌனத்தை மரியாதை என்று கொள்ளலாகாது, அது அறியாமை. தடைத் தீர்மானம் அவ்வறியாமைக்குத் திரைபோட்டு மறைக்கிறது. கேலியை விலக்கிவிட்டால் பிள்ளைகள் திருப்பாவையைக் கற்றுவிடுவார்களா? மேடையில் அதன் நிழலாக வந்ததும் வராமற்போகும், அவ்வளவே.

என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, தீர்மானத்தைத் திரும்பப் பெறுக. மற்றொன்று, இனி எக்குழு எப்பண்டிகைப் பாட்டை நையாண்டி செய்ய விரும்பினாலும், முதலில் மூலப் பாட்டை அதே மேடையில் பிழையின்றிப் பாடிக்காட்டுக என்று விதி செய்க. கேலி பாடும் ஆசையாலேனும் பிள்ளைகள் மூலத்தைக் கற்பர், கேட்போரும் அறிவர். அதற்கென மார்கழி ஞாயிறுகளில் காலை ஒரு மணி நேரம் சங்க அறையைத் திறந்துவைத்தால் போதும். பொருள் சொல்ல நம்மிடையே மூதாட்டிகள் இருக்கின்றனர். கரும்பலகையில் தமிழெழுத்தில் பாசுரங்களை எழுதிப்போடும் வேலையை நான் ஏற்கிறேன். முதல் மாணவியையும் நானே அழைத்துவருவேன்.