கரண்டியைக் கையில் கொடுங்கள்

தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை அண்ணா சாலையின் மேல் 3.2 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பு 621 கோடி ரூபாய். அடியில் மெட்ரோ ரயில் சுரங்கம் ஓடுவதால் பாரம் குறைய வேண்டும். அதனால் இரும்புக் கட்டுமானம். இரும்பு என்றால் வெல்டிங். ஒரு பற்றவைப்பு பிசகினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இவ்வளவு பொறுப்பான தொழிலுக்கு, எட்டாம் வகுப்பு முடித்தவருக்கே ஐ.டி.ஐ.யில் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

அதே 2024 ஜூனில் அரசு வேலைக்காக நடந்த குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. பத்தாம் வகுப்பே போதும் என்ற அந்தத் தேர்வை எழுதப் பட்டதாரிகளும் பொறியாளர்களும் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. மாதம் பிறந்தால் சம்பளம், அடிபட்டால் சிகிச்சை, முதுமையில் ஒரு பிடிமானம்: இவற்றைத்தான் தேடுகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்து ஒப்பந்தக்காரரிடம் சேரும் பையனுக்கு இவற்றில் எதற்கும் உறுதி இல்லை.

கைத்தொழிலில் காசு இல்லாமல் இல்லை. கத்திரி வெயிலில் ஏ.சி. மெக்கானிக்குக்காகக் காத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு அது தெரியும். குழாய் வெல்டிங்கில் தேர்ந்தவரை வளைகுடா நாடுகள் வரை அழைக்கிறார்கள். ஆனால் அந்தக் காசு, தன் திறமையைக் காகிதத்தில் காட்ட முடிந்தவருக்கே போகிறது. காட்ட முடியாதவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் 'ஆள்' கணக்கில்தான் நிற்கிறார்.

கட்டட வேலைக்கு வரும் பெண்ணைப் பாருங்கள். கொத்தனார் பக்கத்தில் இருபது ஆண்டு கலவை சுமந்தவர், சுவர் எழும்புவதை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவர், கடைசிவரை சித்தாள். கரண்டியை அவர் கையில் யாரும் கொடுப்பதில்லை. அதே சாரம், அதே வெயில். கூலி மட்டும் குறைவு. இது வெட்கக்கேடு.

வழி நம்மிடமே இருக்கிறது. வயரிங் வேலையில் பல ஆண்டு பழகியவர்களுக்காக மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை அரசு நடத்துகிறது. கையின் அனுபவத்தை மதிக்கும் தேர்வு அது. கொத்து வேலை, பிளம்பிங், டைல்ஸ், வெல்டிங் எல்லாவற்றுக்கும் அதே மரியாதையோடு, வேலை நடக்கும் இடத்துக்கே வந்து நடத்தும் தேர்வு வேண்டும். ஜெர்மனியில் பயிற்சிக் காலத்திலேயே தொழில் பழகுநருக்குச் சம்பளம் உண்டு. இங்கே 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீனமாக்கியது நல்ல செலவுதான். ஆனால் சான்றிதழ் வாங்கியும் கூலி உயராவிட்டால், அடுத்த ஆண்டு அந்த வகுப்பில் யார் உட்காருவார்கள்?

ஆகவே அரசின் ஒவ்வொரு கட்டுமான ஒப்பந்தத்திலும் இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: சான்று பெற்றவர்கள் இத்தனை பேர், அவர்களுக்குக் கூலி இவ்வளவு. அந்த எண்ணிக்கையில் பெண்களுக்கும் பங்கு இருக்க வேண்டும். தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருப்பது தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், அங்கிருந்து அண்ணா சாலை மேம்பாலத்துக்கு நடந்தே போகலாம். அடுத்த பாலத்துக்கு டெண்டர் விடும் முன்பே இந்த நிபந்தனைகளை எழுதி வாங்க ஆணையரகம் முன்வர வேண்டும்.