பொருத்துக!

உங்கள் பையனின் ஆங்கில நோட்டைப் பிரித்துப் பாருங்கள். இடது பக்கம் ஐந்து வார்த்தை, வலது பக்கம் ஐந்து அர்த்தம், நடுவில் கோணல்மாணலாகக் கோடுகள். நம்ம காலத்து ‘பொருத்துக’தான். இப்போது அதுவே செல்போனில் கலர்கலராக வருகிறது. சரியாகத் தொட்டால் ‘டிங்’ என்கிறது. ‘விளையாடிக்கிட்டே இங்கிலீஷ் கத்துக்கறான் சார்’ என்று பூரித்துப்போகிறோம்.

என்னத்தைக் கத்துக்கறான்? நாலு தெரிந்தால் ஐந்தாவது இனாம். மூன்று தெரிந்தால் மிச்ச இரண்டுக்கும் பூவா தலையா. இதில் பாதி கழித்தல் கணக்கு.

இனாம் மார்க்கைக்கூட மன்னிக்கலாம். ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம் என்று நம்பவைக்கிறார்களே, அதுதான் அநியாயம். தமிழ் கற்க வந்த ஒரு வெள்ளைக்காரருக்கு ‘அடி’ என்றால் ‘பீட்’ என்று கோடு போட்டுக் கொடுத்து அனுப்புங்கள். வெயில் அடிக்கிறது, ஃபோன் அடிக்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் சைட் அடிக்கிறான். மனிதர் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார். ஆங்கிலத்து ‘ரன்’ இன்னும் மோசம். வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 600-க்கு மேல் பொருள் தருகிறது ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி. எத்தனை கோடு போடுவீர்கள்?

பாட்டுக்கு வாருங்கள். பீட்டில்ஸ் 1970-ல் வெளியிட்ட ‘லெட் இட் பி’. மூன்றும் எல்.கே.ஜி. வார்த்தைகள். லெட் – அனுமதி, இட் – அது, பி – இரு. பொருத்தியாச்சா? ஃபுல் மார்க். ஆனால், சேர்த்துச் சொன்னால் ‘விடுப்பா, இருந்துட்டுப் போகட்டும்’ என்று அர்த்தம். (நம்ம ‘போகட்டும்’ மட்டும் எங்கே போகிறதாம்?) பாட்டில் அந்த மூன்றும் ஒட்டிக்கொண்டு, ராகத்தோடு உள்ளே போய் உட்கார்ந்துவிடுகின்றன. அப்புறம் பிரித்து மொழிபெயர்க்கத் தோன்றாது.

பாட்டு கேட்டால் இலக்கணம் கெட்டுவிடும் என்பார்கள். கெடும்தான். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஐ கான்ட் கெட் நோ சாடிஸ்ஃபாக்‌ஷன்’ (1965) தலைப்பிலேயே இரண்டு எதிர்மறை. பரீட்சையில் எழுதினால் சிவப்பு மை. அதை ரெண்டு நிமிஷத்தில் சொல்லித் திருத்திவிடலாம். பன்னிரண்டு வருஷம் கோடு போட்டுவிட்டு, இன்டர்வியூவில் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று இங்கிலீஷில் கேட்டதும் வேர்த்து நிற்கிற பிள்ளையை எப்படித் திருத்துவது? வார்த்தைகள் அவனுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் ஒருத்தரை ஒருத்தர் தெரியாத விருந்தாளிகள் மாதிரி, தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன.

ராப் வேண்டாம், ரொம்ப வேகம். கார்ப்பென்டர்ஸ் மாதிரி நிதானமாகப் பாடுகிறவர்களாகப் பாருங்கள். வரிகளை எழுதி, நடுநடுவே நாலு வார்த்தையை அழித்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள். கேட்டு நிரப்பட்டும். கூடவே நீங்களும் பாடலாம், அக்கம்பக்கம் பொறுத்துக்கொண்டால்.