மீள்பெயர்ப்பு காட்டாத வேறுபாடு: தன்கட்டுப்பாட்டு அளவுகோலின் துருக்கியத் தழுவலை முன்வைத்து

உளவியல் வினாநிரல் ஒன்றை வேற்றுமொழிக்குக் கொண்டுசெல்வது புள்ளியியல் சார்ந்த பணியாகவே பெரிதும் கருதப்படுகிறது. அது முதற்கண் சொற்பொருள் சார்ந்த பணி என்பதே என் கருத்து. டாங்னி, பாமைஸ்டர், பூன் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட தன்கட்டுப்பாட்டு அளவுகோலின் சுருக்க வடிவம் 13 கூற்றுகளைக் கொண்டது. துருக்கியத்திலும் தழுவப்பட்டுள்ள இவ்வளவுகோல் இதற்குத் தக்க சான்றாகும்.

துருக்கியத்தில் இக்கருத்தைச் சுட்ட மூன்று வழக்குகள் உள்ளன. 'ஓஸ்தெனெதிம்' என்பது 1932-இல் துருக்கிய மொழிக் கழகம் தோன்றியபின் வலுப்பெற்ற மொழித்தூய்மை முயற்சியின் போக்கில் அமைந்த ஆக்கச்சொல், கல்விச்சூழலுக்கு உரியது. 'கெந்தினி துத்மாக்' என்பது 'தன்னைப் பிடித்துநிறுத்துதல்' எனப் பொருள்படும் அன்றாட வழக்கு. 'நெஃப்ஸினெ ஹாகிம் ஒல்மாக்' என்பதோ தன் நப்சை ஆளுதல். இசுலாமியத் தமிழ் இலக்கியம் அறிந்தோர்க்கு இச்சொல்லில் தோய்ந்துள்ள சமய ஒழுக்கம் புலப்படும். முதலாவது ஒரு திறனையும், இரண்டாவது அந்நேரத்து அடக்கத்தையும், மூன்றாவது பக்திநெறியையும் உணர்த்துகின்றன.

1970-இல் பிரிஸ்லின் முன்வைத்தது முதல் பரவலாகக் கையாளப்படும் மீள்பெயர்ப்பு முறை இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. மூன்று வழக்குகளும் ஒரே ஆங்கிலத் தொடராக மீளக்கூடும். மூலத்தோடு ஒத்திருப்பதால் பெயர்ப்பு சரியெனக் கொள்ளப்படும்.

இலக்கணமும் இங்கு இடர் தரும். 'துத்மம்' என்றால் 'பிடித்துநிறுத்த மாட்டேன்'. 'துதாமம்' என்றால் 'பிடித்துநிறுத்த இயலாது'. இரண்டுக்கும் இடையே ஓர் உயிரெழுத்தே வேறுபாடு. விருப்பமின்மையையும் இயலாமையையும் பிரித்தறிவதே தன்கட்டுப்பாட்டு ஆய்வின் உயிர்நாடி. 13 கூற்றுகளில் 9 எதிர்நிலையில் மதிப்பிடப்படுபவை என்பதால், இத்தேர்வு மதிப்பெண்ணை நேரடியாகப் பாதிக்க வல்லது.

பொருந்தாத கூற்றுகளைக் காரணிப் பகுப்பாய்வு வெளிப்படுத்திவிடும் எனலாம். உண்மையே, எனினும் அது ஏன் பொருந்தவில்லை என்பதைக் கூறாது. மேலும், பக்தியை அளக்கும் கூற்று பிற கூற்றுகளோடு நன்கு இயைந்துவிட்டால், எந்த எண்ணும் அதனைக் காட்டிக்கொடுக்காது.

'சுயகட்டுப்பாடு', 'மனத்தை அடக்குதல்', 'புலனடக்கம்' என அடுக்கடுக்கான சொல்வளமுடைய தமிழுக்கும் இச்சிக்கல் உரியதே. எனவே தழுவற்குழுவில் மொழியியலாளர் தொடக்கம் முதலே இடம்பெறல் வேண்டும். ஒவ்வொரு கூற்றையும் விடையளிப்போர் தம் சொற்களில் எவ்வாறு விளக்குகின்றனர் என்பது பதிவுசெய்யப்படல் வேண்டும். நம்பகத்தன்மைக் கெழுவுடன் சொற்றேர்வுக்கான காரணங்களும் வெளியிடப்படல் வேண்டும். அவையின்றி இரு மொழியினரின் மதிப்பெண்களை ஒப்பிடுவது, அளவை அறியாமல் எடையை ஒப்பிடுவதாகவே முடியும்.