சிற்றுருக் கார்கள் - வீண் பொழுதுபோக்கா?

பொருள்களைச் சேர்த்து வைக்கும் ஆசை மனிதனுக்கு இயல்பாகவே அமைந்த ஒன்று. தபால்தலை சேர்ப்பவரைப் பாராட்டுகிறோம். பழங்காசு சேர்ப்பவரை ஆராய்ச்சியாளர் என்கிறோம். ஆனால் கல்லூரியில் படிக்கும் ஒருவன் சிறு கார்களைச் சேர்க்கிறான் என்றால், "இன்னும் பொம்மை வைத்து விளையாடும் வயதா?" என்று சிரிக்கிறோம். அதிலும் நெல்லும் வாழையும் விளையும் சின்னமனூரில் இருந்துகொண்டு அமெரிக்காவின் பழைய கார்களைச் சேர்ப்பவன் என்றால் கேலிக்குக் கேட்கவே வேண்டாம். அத்தகையோரில் நானும் ஒருவன். ஆகவே இப்பொழுதுபோக்கின் நிறை குறைகளை எடுத்துச் சொல்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பொம்மை வேறு, சிற்றுரு வேறு. பொம்மைக்குக் காரின் சாயல் இருந்தால் போதும். சிற்றுருவுக்கோ அளவு பிசகக் கூடாது. 1957ஆம் ஆண்டின் செவ்ரோலே பெல் ஏர் காரின் நீளம் 200 அங்குலம். அதனை 18இல் ஒரு பங்காக்கினால் 11 அங்குலம் வரும். 64இல் ஒரு பங்காக்கினால் 3 அங்குலம் வரும். அதே விகிதத்தில் அகலமும் உயரமும் சக்கரமும் கதவின் கைப்பிடியும் குறைந்தாக வேண்டும். நீளம் 18இல் ஒரு பங்காகும்போது கன அளவு 5,832இல் ஒரு பங்காகிவிடுகிறது. கணக்கு வகுப்பில் மனத்தில் ஏறாத இவ்வுண்மை, கையில் ஒரு சிற்றுருவை ஏந்தியதும் விளங்கிவிடுகிறது. மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும் அன்றோ?

இரண்டாவதாக, சிற்றுரு வரலாறு பேசும். 1908இல் பிறந்த ஃபோர்டின் 'மாடல் டி' ஒரு பெட்டியைப் போலத் தோன்றும். அழகைவிட மலிவே அதன் நோக்கம். 1959ஆம் ஆண்டின் காடிலாக்கைப் பாருங்கள்! பின்புறம் இரண்டு துடுப்புகள் வானத்தை நோக்கி நிற்கும். இரண்டாம் உலகப்போரில் பறந்த பி-38 விமானத்தின் வாலைக் கண்டு, 1948ஆம் ஆண்டின் காடிலாக்கில் அரும்பிய வடிவம் அது. போரில் வென்று செல்வம் குவித்த ஒரு நாட்டின் பெருமிதம் அத்துடுப்பில் தெரிகிறது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தபின் அந்தப் பெரிய உடல்களும் இளைக்கத் தொடங்கின. நான்கு கார்களை வரிசையாக அடுக்கினால் ஒரு நூற்றாண்டே அடுக்கில் நிற்கிறது.

இக்கார்கள் நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. நம் கிராமத்துப் பெரியவர்கள் காரைப் 'பிளஷர்' என்றே அழைத்தனர். பெருந்தலைவர் காமராசர் பயணம் செய்தது ஒரு கறுப்புச் செவ்ரோலேயில்தான். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையினர் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகத்தில் அசல் கார்களையே காணலாம்.

இனிக் குறைகளுக்கு வருவோம். இன்று சேர்ப்போரில் பலர் அட்டைப் பெட்டியைப் பிரிப்பதே இல்லை. பிரித்தால் விலை குறைந்துவிடுமாம்! திறக்காத பெட்டியில் கிடக்கும் காரும் படிக்காமல் அலமாரியில் கிடக்கும் புத்தகமும் ஒன்றே. வாங்குவது மட்டுமே கலையாகிவிடாது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1930 முதல் 1968 வரை 'ஃபிஷர் பாடி' என்னும் பெயரில் மாணவர்களுக்குச் சிற்றுருப் போட்டி நடத்தினர். தம் கையாலேயே செதுக்கியவர்களுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. 1947இல் அதில் வென்ற சக் ஜோர்டான் என்னும் இளைஞர், பின்னாளில் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். செய்தவன் வளர்ந்தான், வாங்கியவன் வாங்கிக்கொண்டே இருந்தான்.

அப்படியானால் நாம் எதைச் செய்வது? காடிலாக்கையா? வேண்டாம். நம் பள்ளத்தாக்கிலேயே ஒரு பழைய அமெரிக்க வண்டி உண்டு. அதுதான் ஜீப். போருக்கென அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் ஆயிரமாயிரமாய்ச் செய்த வண்டி, மகிந்திராவால் பம்பாயில் பூட்டப்பட்டு நம் நாட்டு வண்டியாயிற்று. விடியுமுன் நம் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறுவது அதன் வழிவந்த வண்டியே. ஏலக்காய் மணக்கும் வீடுகளில் இவ்வண்டியை நினைப்பார் யார்? செவ்ரோலேக்குச் சிற்றுரு கடைகளில் கிடைக்கிறது. கூலிப்பெண்களோடு மலையேறும் நம் ஜீப்பை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை.

ஆகவே நண்பர்களே, தச்சுப் பட்டறையில் கழித்துப்போடும் மரத்துண்டே போதும். பழைய ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம். 18இல் ஒரு பங்கு என்றால் நாலரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. அளந்து செதுக்குங்கள். பிறகு அதே அளவில் மனித உருவங்களையும் செய்து, நாள்தோறும் எத்தனை பேர் ஏறுகிறார்களோ அத்தனை உருவங்களையும் அதில் உட்காரவைக்க முயலுங்கள். பாதி உருவங்கள் வெளியே நிற்கும். மேடைப் பேச்சுகள் உணர்த்தாத உண்மையை, இடம் கிடைக்காமல் நிற்கும் அந்த மர உருவங்கள் உணர்த்திவிடும். நம் தாய்மாருக்குப் போதிய இருக்கையுள்ள வண்டி வேண்டும் என்று கேட்கும் துணிவும் அப்போது பிறக்கும். அத்துணிவைத் தரும் பொழுதுபோக்கு வீணானதன்று என்பதே என் முடிவு.