வெண்பொடியும் மின்கட்டணமும்

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில் மாணவர்களை மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, அங்கே படிந்துகிடக்கும் கறுப்பு மணலைக் காட்டுவேன். அந்தக் கறுப்பு, இல்மனைட் என்னும் கனிமம். சுவர்ப்பூச்சு, காகிதம், பற்பசை ஆகியவற்றுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு அதிலிருந்தே பிறக்கிறது. மணல் நம்முடையது, ஆனால், நமக்குத் தேவையான வெண்ணிறமியில் பெரும்பகுதி இறக்குமதியாகிறது. சீனச் சரக்கின் மீது 2025 மே மாதம் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டதற்கும் இதுவே பின்னணி.

அண்மையில் ஒரு கருத்தரங்கில், “பிளாஸ்மா உலையில் நாமே பொடியாக்கினால் இறக்குமதி ஒழியாதா?” என்று ஒரு பொறியியல் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. விடைதான் அவ்வளவு எளிதன்று.

மின்வில்லில் ஒரு வாயுவைச் சுமார் 10,000 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவியையும் ஆக்சிஜனையும் செலுத்தினால், நொடியின் சிறு பகுதிக்குள் ஆக்சைடு உருவாகிவிடும். குளோரினை மீட்டு மறுபடியும் பயன்படுத்தலாம். உடனடியாகக் குளிர்விப்பதால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர நேரம் கிடைப்பதில்லை. பெரும்பாலானவை 100 நானோமீட்டருக்கும் கீழேயே நின்றுவிடுகின்றன.

சிக்கல் அங்கேதான். சுவரை வெளுக்கும் துகளுக்கு 200 முதல் 300 நானோமீட்டர் வரை பருமன் வேண்டும். ஒளியை நன்றாகச் சிதறடிப்பது அந்த அளவுதான். அதைவிட மிகச் சிறிய துகளின் ஊடாக ஒளி கடந்துவிடுகிறது. நானோ பொடி புறஊதாக் கதிரை உறிஞ்சும். வெயில்காப்புக் களிம்புக்கும் ஒளிவினையூக்கிக்கும் உதவும். சுண்ணாம்பு அடித்ததுபோல் சுவர் வெளுக்காது. ஒன்று டன் கணக்கில் விற்கும் சந்தை. மற்றொன்று கிலோ கணக்கில் விற்கும் சந்தை. இரண்டையும் குழப்பிக்கொண்டு இறக்குமதிப் பட்டியலைக் காட்டுவது, நெல்விலையை வைத்துக் குங்குமப்பூச் சாகுபடிக்குத் திட்டம் போடுவதைப் போன்றது.

நிறமி ஆலையிலேயே ஆக்சிஜனைச் சூடாக்கப் பிளாஸ்மாவைப் பயன்படுத்தலாமே என்பார்கள். செய்யலாம், அங்கே மின்சாரம் மலிவான எரிபொருளோடு போட்டியிட வேண்டும். கேரளத்தின் சவறாவில் குளோரைடு முறையில் நிறமி தயாராகிறது. அதற்கும் முதலில் மணலிலுள்ள இரும்பைப் பிரித்து, கரியும் குளோரினும் சேர்த்து ஆவியாக்கியாக வேண்டும். அந்த முன்வேலை எதையும் பிளாஸ்மா குறைப்பதில்லை.

இதைக் கல்வி ஆர்வத்தால் மட்டும் எழுதவில்லை. கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோரக் கிராமங்கள் எதிர்த்துவருகின்றன. மோனசைட் கலந்த மணல் அது. ‘மதிப்புக் கூட்டல்’ என்ற சொல்லால் அவர்களைச் சமாதானப்படுத்த முனைவோர், கூடும் மதிப்பு எந்தப் பொடியில், எந்தச் சந்தையில், எந்த மின்கட்டணத்தில் என்பதைக் குத்தகைக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும்.

ஒரு கிலோ பொடிக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். கணக்கிட்டு அனுப்புவதாகச் சொன்னார். இன்னும் வரவில்லை.