குண்டாறு வரை வரும் தண்ணீர் கண்மாய்க்குள் வருமா?

கமுதி அருகே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் எழுந்தது. எட்டே மாதத்தில் வேலை முடிந்ததாகச் சொன்னார்கள். வெயிலுக்கு எட்டு மாதம். தண்ணீருக்கோ இந்தச் சீமையில் நூற்றாண்டுக் கணக்கு. பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆராயச் செய்தது 1789இல். அதற்கான அணை முடிந்தது 1895இல்.

இப்போதைய நம்பிக்கை காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கி.மீ. கால்வாய், ரூ.14,400 கோடி மதிப்பீடு. தேவையான திட்டம்தான். ஆனால், வரப்போவது காவிரியின் வெள்ள உபரி மட்டுமே. மேட்டூர் நிரம்பி வழிகிற ஆண்டில் சில வாரம் வரும். மற்ற ஆண்டில் வராது. கால்வாயில் விநாடிக்கு 6,000 கனஅடி வந்தால் நாளொன்றுக்கு அரை டி.எம்.சி. வந்த வேகத்தில் வாங்கிவைக்க இடமில்லையென்றால், கால்வாய் தொடங்கும் மாயனூரில் காவிரியிலிருந்து திருப்பிய நீர் மன்னார் வளைகுடாவுக்குத்தான் போகும்.

வாங்கிவைக்கும் ஏற்பாடு இங்கே புதிதல்ல. குண்டாற்று நீரைக் கண்மாய்களுக்குத் திருப்ப சேதுபதிகள் காலத்தில் வெட்டியதே ரெகுநாத காவிரி. ஒரு கண்மாயின் கலுங்கு வழிந்தால் அடுத்ததற்கு வரத்து. அந்தத் தொடரை நிர்வாகம் இரண்டாக அறுத்துவிட்டது: 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறைக்கு, குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. மேல் கண்மாயைத் தூர்வாரும் ஆண்டில், கீழ்க் கண்மாயின் வரத்துக்காலில் சீமைக் கருவேல் அடைத்து நிற்கும். 2017இல் குடிமராமத்து என்ற பெயர் திரும்பி வந்தது, தூரும் வாரினார்கள். ஆனால் மடையைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சியும், அவருக்கு அளக்கும் நெல்லும் திரும்பவில்லை. கட்டுவதற்குக் கடன் கிடைக்கும், காப்பதற்குக் காசு இருக்காது. வளரும் நாடுகள் பலவற்றின் நீர்த் திட்டங்கள் தடுமாறும் இடம் இதுவே.

குண்டாற்றுப் படுகையின் கண்மாய்கள் பெரிதோ சிறிதோ, ஒரே கணக்கில் வர வேண்டும். வரத்துக்கால்களை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். பராமரிப்புப் பணம் ஆண்டுதோறும் ஆடிக்கு முன்பே ஊருக்கு வந்துசேர வேண்டும். காவிரி பெருகுவது ஆடி, ஆவணியில். நம் மழை ஐப்பசி, கார்த்திகையில். வழி திறந்திருந்தால் இரண்டும் தங்கும்.

கால்வாய் வேலை மாயனூரிலிருந்து வரட்டும். கண்மாய் வேலை கமுதியிலிருந்து அதற்கு எதிரே போக வேண்டும்.