வலிக்காத புண்ணுக்கே அஞ்ச வேண்டும்

நீரிழிவு என்றதும் நம் பேச்சு அரிசிச் சோறா, கேழ்வரகுக் களியா என்ற கேள்வியில் போய் நின்றுவிடுகிறது. உணவு முக்கியம்தான். ஆயினும் அய்யலூர், வடமதுரைப் பக்கத்து நோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்: தட்டைப் பார்க்கும் அக்கறையில் பாதியளவுகூட நாம் பாதத்தின் மீது காட்டுவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வொன்று 2023இல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மாத்திரைதான் வருகிறதே என்று ஆண்டுதோறும் செய்ய வேண்டிய கண், சிறுநீரக, பாதப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியாது.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் பாத நரம்புகள் மெல்ல உணர்விழக்கின்றன. முதலில் எரிச்சல், மதமதப்பு. பின்பு மெத்தையில் நடப்பது போன்ற உணர்வு. அதன்பின் கருவேல முள் தைத்தாலும் தெரியாது. இரத்தக் குழாய்களும் சுருங்கிவிடுவதால் புண் ஆறுவதில்லை. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வலி இல்லாததால் நோயாளி நிம்மதியாக இருக்கிறார். புண்ணோ உள்ளே எலும்பு வரை போகிறது. விரலையோ காலையோ இழக்கும் பலரின் கதை இப்படி ஒரு சிறு கொப்புளத்தில்தான் தொடங்குகிறது.

தைப்பூசத்தை ஒட்டித் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்போரில் பலர் வெறுங்காலுடன் செல்கிறார்கள். நேர்த்திக்கடனில் குறுக்கிட நான் யார்? ஆனால் பாதத்தில் உணர்வு குறைந்தவர் வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. செருப்பணிந்து மலையடிவாரம் வரை சென்றால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்பது என் துணிபு. புறப்படுமுன் பாத உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை அது. ஊசியில்லை, சில நிமிடங்களே ஆகும்.

வீட்டில் இருப்போரிடம் ஒரு வேண்டுகோள். முதியவர்களால் குனிந்து தம் உள்ளங்காலைப் பார்க்க இயலாது, பார்வையும் மங்கியிருக்கும். இரவு படுக்குமுன் மகளோ பேரனோ விளக்கு வெளிச்சத்தில் பார்க்கலாம். விரலிடுக்குகளையும் விட வேண்டாம். கழுவியபின் ஈரத்தை ஒற்றித் துடையுங்கள். தோல் வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் கூடாது. ஆணியைப் பிளேடால் அறுப்பதும், மதமதப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். சூடு உறைக்காத காலில் தோல் வெந்துபோவதை அடிக்கடி பார்க்கிறோம். செருப்புக்குள் கல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்த பிறகே அணிய வேண்டும். உணர்வு குறைந்தவர்களுக்கு மென்மையான எம்.சி.ஆர். செருப்பு ஏற்றது.

புண், கொப்புளம், சிவப்பு, கருமை, நாற்றம் எது தென்பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், மஞ்சள் வைத்துக் கட்டிப் பார்க்காமல் அன்றைக்கே வாருங்கள். வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.